மரச்சீனி விளையில் சாரம் இல்லாமல் கிடந்தது பற்றி

அருமனை,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய ஜெயசிங் அத்தானுக்கு, தங்கள் தங்கை இந்துஜாவின் கணவன் சிவபிரசாத் வணங்கி எழுதுவது. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பக்கத்து வீட்டு ஓமனாவின் மரச்சீனிக் கிழங்கு விளையில், இடுப்பில் கட்டுகிற சாரம் இல்லாமல், பனியனும் ஜட்டியுமாகக் கிடந்தேன். ஓமனா உங்களிடம் ஃபோனில் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம்: ஜட்டி கிழிந்திருக்கவில்லை. அது ஓணத்துக்கு வாங்கின புதுசு. மற்றபடி இங்கே நானும் மகள் அஞ்சுவும் சுகம். அங்கே நீங்களும் முத்துக்கனி அக்காவும் உங்கள் மகன் அபிலாஷும் வடசேரிக் கடையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குவைத்தில் இந்துஜாவும் சுகம். நைட் டூட்டி முடிந்து வந்து வீடியோவில் எங்களைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறாள். ஜட்டி விஷயம் அவள் காதுக்கு இன்னும் போகவில்லை.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். என்ன செய்ய? ஃபோன் போட்டால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் “ம்” கொட்டுவேன், கடைசியில் நான் எதற்குச் சம்மதித்தேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் சிமென்ட் சரிவு போட்டதுகூட அப்படித்தான். குறை சொல்லவில்லை அத்தான். என் சக்கர நாற்காலி வீட்டுக்குள் ஏற ஒரு வழி வேண்டுமென்று தோன்றிய முதல் ஆளே நீங்கள்தான். ஆனால் அதில் இறங்குவது முட்டம் கடலில் வள்ளம் இறக்குவதுபோல. ஏறுவதற்கு இரண்டு பேர் பிடித்துத் தள்ள வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பூஜை லீவில் அபிலாஷின் பழைய சைக்கிளை அஞ்சுவுக்காகக் காரில் வைத்துக் கொண்டுவந்தீர்கள் அல்லவா. இறக்கி வைத்துவிட்டு, சாயா குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஒரு சைக்கிள் படிப்பிக்கணும்னாலும் பின்னால ஓட ஒரு ஆளு வேண்டாமா பிரசாதே? அதுக்க அம்மை அங்க. நீ இப்பிடி. பிள்ளைய நாங்க கொண்டுபோயி நாரோயில் ஸ்கூல்ல சேக்கோம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்.” பாசத்தில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். அஞ்சு உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள், அதாவது டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு. நான் சாயா கிளாஸை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் உருண்டுவிட்டேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். வாய் வரைக்கும் வந்த பதில் “சரி” என்பதுதான்.

ஏனென்றால் மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. சடை பின்னுவதற்கு எனக்கு இருக்கிற உயரம் இந்தப் பஞ்சாயத்தில் எந்த அப்பனுக்கும் கிடையாது. ஸ்டூல் வேண்டாம், முதுகு வளைய வேண்டாம், பிள்ளை முன்னால் வந்து நின்றால் போதும். கல்யாணக் கார்டும் மரண அறிவிப்பும் அடித்துக் கொடுக்கிற என் வேலை வீட்டு முன்னறையில்தான், அதனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா இல்லை என்ற பேச்சே இல்லை. அவள் வகுப்பு மாடியில். முதல் மீட்டிங்குக்கு நான் போனபோது டீச்சரே கீழே இறங்கி வந்து மாமரத்து மூட்டு நிழலில் தனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், அதற்கப்புறம் மூட்டுவலிக்காரத் தாய்மார்கள் எல்லாம் எனக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். அவள் பிறக்குமுன்னே எனக்கு பைக் ஆக்சிடென்ட் ஆகிவிட்டதால் அவள் கண்டதெல்லாம் இந்த அப்பனைத்தான். எல்.கே.ஜி.யில் கூடப் படித்த பையனின் அப்பா நடந்து வந்ததைப் பார்த்து, “அவியளுக்கு வண்டி இல்லியா அப்பா? பாவம்” என்று கேட்டவள். ஆனால் சைக்கிள் பின்னால் ஓடுவதற்கு? அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை, பப்படம் மட்டும் இறங்கியது.

மறுநாள் காலையில் அவளே வந்து நிற்கிறாள். “அப்பா, எனக்கு சைக்கிள் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் படிப்பிக்கணும்.”

“நான் எப்பிடி மக்கா?”

“அது நீங்கதான் யோசிக்கணும். நீங்கதானே அப்பா.”

யோசித்தேன். சைக்கிள் சீட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும், என் வண்டியை உருட்ட ரெண்டு கை வேண்டும், ஆண்டவன் மூணாவது கை தரவில்லை. அப்போ கட்டிவிட்டால் என்ன? சைக்கிள் கேரியரில் ஒரு முனை, என் வண்டிக் கைப்பிடியில் ஒரு முனை. அவள் மிதித்தால் நானும் போவேன், அவள் சாய்ந்தால் நான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவேன். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு என்மேல் வந்த மரியாதை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முதலில் என் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைக் கட்டினோம். தோர்த்து நீளம் காணாமல் என் கால்பலகை சைக்கிள் பின்சக்கரத்தில் போய் இடித்துக்கொண்டே இருந்தது. ஊரே கேட்கிற சத்தம். பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் ஓமனா நின்று, “எந்தா பிரசாதே, பிள்ளைய எங்க கெட்டி இழுத்துட்டுப் போற?” என்றாள். இழுப்பது பிள்ளை, இழுபடுவது நான் என்று சொன்னால் அவளுக்கு விளங்கவில்லை.

அப்படியே தினமும் சாயங்காலம் ரப்பர் தோட்டத்து ரோட்டில் பாடம் நடந்தது. பிள்ளை விழுந்தாள், எழுந்தாள், விழுந்தாள். ஒரு விஷயம் நான் கவனித்தேன், அவள் விழுவதெல்லாம் புல் இருக்கிற பக்கமே. ஒருநாள் ஓமனாவின் கன்றுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. அஞ்சு ஹேண்டிலை அழகாக வளைத்து அதைச் சுற்றிப் போய், அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவள்போலத் தொப்பென்று விழுந்தாள். எல்லாம் என் பயிற்சியின் பலன், கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைதான் சரிவு ரோட்டுக்குப் போனோம். தோர்த்து போதாது என்று தெரியும், வேறு துணி எடுத்துவரவில்லை, திரும்பிப் போகச் சோம்பல். சுற்றுமுற்றும் பார்த்தேன், ஆள் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து முறுக்கிக் கட்டிவிட்டு, தோர்த்தை மடியில் விரித்துக்கொண்டேன். பார்க்கிறவனுக்கு ஒரு பெரிய மனுஷன் சாப்பிட உட்கார்ந்ததுபோல இருக்கும். கிளம்பினோம். பாதிச் சரிவில் அவள் பிரேக் பிடித்தாள். நான் என் சக்கரத்தைப் பிடித்தேன், உள்ளங்கை தீய்ந்ததுதான் மிச்சம். இந்துஜா போன துக்கத்தில் ஏத்தம்பழ பஜ்ஜி தின்று நான் ஏற்றிய எடை அன்றைக்குத்தான் தன் வேலையைக் காட்டியது. வண்டி சைக்கிளை முந்திவிட்டது அத்தான். இப்போது நான் முன்னால், பிள்ளை பின்னால், நடுவில் சாரம். அப்பா, பிடியுங்கோ என்று அவள் கத்துகிறாள், எதைப் பிடிக்க? ரோடு வளைந்தது, நாங்கள் வளையவில்லை. ஓமனாவின் மரச்சீனி சடசடவென்று முறிந்து எங்களைத் தாங்கிக்கொண்டது. தோர்த்து மட்டும் பறந்து போய் ஒரு ரப்பர் மரத்தில் உட்கார்ந்துகொண்டது.

“அப்பா, அடி பட்டுதா?”

“இல்ல மக்கா. உனக்கு?”

“இல்ல. சாரத்த அவுத்துத் தரட்டா? ஓமனா மாமி வாறாவ.”

முடிச்சு இறுகிவிட்டது. ஓமனா வந்தே விட்டாள். பால் தூக்குவாளியோடு நின்று என்னைப் பார்த்தாள், மரச்சீனியைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். “ஏட்டி, உங்கப்பன் என்ன செய்யியான் இங்க?”

“சைக்கிள் படிப்பிக்கியாவ மாமி.”

“இந்தக் கோலத்திலயா?”

ஆனாலும் நல்ல மனசுக்காரி, வாளியை வைத்துவிட்டு என்னைத் தூக்க வந்தாள். உதவி செய்ய வருகிறவர்களுக்கு என் உடம்பில் எது கைப்பிடி என்று தெரியாது, கையில் கிடைத்ததைப் பிடிப்பார்கள். சாரம் இல்லாதவனுக்கு அது பெரிய ஆபத்து. அஞ்சு நடுவில் வந்து நின்றுகொண்டாள். “மாமி, அப்பாவத் தொடாதுங்கோ. வண்டிக்க பிரேக்க மட்டும் பிடியுங்கோ. அப்பா தானா ஏறுவாவ.” ஓமனா பிரேக்கைப் பிடித்தாள். நான் கையை ஊன்றி ஏறினேன். பிள்ளை என்னைப் பார்க்காமல் திரும்பி நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்த மரியாதையை யார் படிப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் “சரி” அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

நேற்று சமதளத்தில், முடிச்சு எதுவும் போடாமல், சாரத்தின் ஒரு முனையைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். வேறு சாரம், நான் வேட்டி கட்டியிருந்தேன், பயப்படாதீர்கள். கொஞ்ச தூரத்தில் விட்டுவிட்டேன். “அப்பா, பிடிச்சிருக்கியளா?” என்றாள். “பிடிச்சிருக்கேன் மக்கா, நீ போ” என்றேன். சாரம் வால்போல இழுபட, ரோட்டு வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நான் அழுதேன் என்று ஓமனா சொல்லியிருப்பாள். அவள் பேச்சை நம்பாதீர்கள், ஜட்டி விஷயத்திலேயே தவறாகச் சொன்னவள்.

ஆகவே அத்தான், ஓடத் தெரிந்த ஆள் வேண்டும் என்றீர்களே, வேண்டாம் போலிருக்கிறது. நான்தான் படிப்பித்தேன். இதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், அக்காவையும் அபிலாஷையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முறிந்த மரச்சீனி முழுவதையும் ஓமனா எங்கள் தலையில் கட்டிவிட்டாள், நெத்திலிக் கறி வைத்துத் தின்று தீர்க்க ஆள் போதாது. போகும்போது டிக்கி நிறைய மரச்சீனி தந்துவிடுகிறேன். அஞ்சுவைத் தர மாட்டேன்.

அக்காவின் முட்டுவலி குறையவும், உங்கள் கடையில் பெயின்ட் காய்வதற்குள் விற்றுப் போகவும், அபிலாஷ் கணக்கில் கரையேறவும் நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

தங்கள் அன்புள்ள,
சிவபிரசாத்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அபிலாஷ் ஃபோன் பண்ணினான். நான் பெருமையாகச் சொன்னேன், அவன் சிரித்துவிட்டான். தன் அம்மைக்குத் தெரிந்தால் ஏசுவாள் என்று அவனும் அஞ்சுவும் இதுவரை வாய் திறக்கவில்லையாம். அஞ்சுவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கேட்கக் கூடாது. கோடை லீவுக்கு அங்கே வந்திருந்தபோதே அவள் உங்கள் தெருவில், இதே சைக்கிளை, இரண்டு கையையும் விட்டுவிட்டு, வாயில் குச்சி ஐஸோடு ஓட்டுவாளாம்.