வெயிலைக் கையோடு கொண்டு வருகிறவர்

வெயில்காரர் என்றொரு இனம் உண்டு. டோக்கியோவில் காலையில் ஏற்றி, காட்டுக்குள் நடத்தி, மலை ஏரியில் படகுவிட்டு, இருட்டியதும் திரும்பக் கொண்டுவந்து இறக்கும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்து எதிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். வானம் தெளிந்திருந்தால் அவர் வந்ததால். மூடியிருந்தால் உங்களில் எவரோ வந்ததால்.

எங்களுக்கு வாய்த்தவர் நெமோதோ. உட்காரும் முன்பே, வெள்ளைத் துணியில் மொட்டைத் தலை கட்டிய, வெயிலை வரவழைக்கும் என்று அங்கே நம்புகிற வெயில் பொம்மையை ஜன்னலில் தொங்கவிட்டார். மகள் கல்யாணத்தன்று நின்ற மழை, கம்பெனி விளையாட்டு விழாவன்று ஒதுங்கிப்போன புயல், மாமனார் சாவுக்குக்கூட அடித்த சுள்ளென்ற வெயில் என்று, நிக்கோ மலையின் கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை தன் ராசியைப் பாடித் தீர்த்தார். எல்லோரும் தலையாட்டினோம். அந்த வளைவுகளில் தலை தானாகவே ஆடும்.

அவருக்குப் பக்கத்து இருக்கையில் கயானோ என்ற அம்மாள். அந்த மலை ஏரியில் படகில் போகவேண்டும் என்று அவர் வருவது மூன்றாம் முறை. முன்பு இரண்டு தடவையும் மூடுபனியால் படகை நிறுத்திவிட்டார்களாம். இதை நெமோதோவிடமே சொன்னார். சொல்லலாமா?

"அப்ப நீங்கதான் மழைக்காரியா?" என்றார் அவர், பேருந்து முழுக்கக் கேட்கும்படி. "பரவால்ல மேடம், நான் இருக்கேன்ல. உங்களையும் சேத்து சமாளிச்சுக்கறேன்."

கரடி கிட்டே வராமலிருக்க மணி கிலுக்கிக்கொண்டு வழிகாட்டிப் பெண் முன்னே போக, காட்டுக்குள் நடந்தோம். சோற்று உருண்டை சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நெமோதோ பொம்மையை ஒரு கிளையில் மாட்டினார். பிறகு படகுத்துறைக்கு வந்தால் ஏரியையே காணோம். வெள்ளையாகப் பனி.

எல்லோரும் கயானோ அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வராம இருந்திருக்கணும்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

நெமோதோ பையைத் தடவினார். "அட, பொம்மை காட்டுலயே நின்னுடுச்சே. அதான் விஷயம். இதோ வந்துடறேன்."

அவர் தலை மரங்களுக்குள் மறைந்ததுதான் தாமதம், பனி விலக ஆரம்பித்தது. இந்த ஊர்ப் படகு யாருக்காகவும் காத்திருக்காது. வழிகாட்டிப் பெண் அவரைக் கூவிக் கூவிப் பார்த்தாள். படகு எங்களை ஏற்றிக்கொண்டு சங்கு ஊதிக் கிளம்பிவிட்டது. கயானோ அம்மாள் முன்வரிசை ஜன்னலோரம். இலையுதிர்காலத்தில் சிவந்த மலை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் மனசு நிறைந்துபோயிற்று.

திரும்பி வந்தபோது நெமோதோ கரையில் மூச்சு வாங்க நின்றார், பொம்மையும் கையுமாக.

"பாத்தீங்கள்ல? நான் பொம்மையத் தொட்டேன், பளிச்சுன்னு ஆயிடுச்சு."

கயானோ அம்மாள் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். "பலிக்காத பொம்மைக்குத் தலைய வெட்டணும், பலிச்சா சாராயம் வார்க்கணும். அதானே வழக்கம்? இது எதுல சேத்தின்னு நீங்களே சொல்லுங்க சார்."

நெமோதோ பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் பேருந்தில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. யாரும் வாய் திறக்கவில்லை. இந்த ஊர் மரியாதை அப்படி. ஆனால் அத்தனை கண்ணும் ஒரே இருக்கையைப் பார்த்தன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் எழுந்து போனதால்தான் விக்கெட் விழுந்தது என்றும், நான் கால் வைத்த நேரம்தான் இந்தக் குடும்பம் தலையெடுத்தது என்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது யாரோ எனக்குத் தெரியாது. அடுத்த தடவை சொல்வதற்கு முன்னால், நீங்கள் இல்லாத இடத்தில் வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.