ஓல்டான் கொடுத்த ரைட்

மாநகரப் பேருந்தில் ஏறுவதற்கென்றே பிறந்தவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால், சேலையூரில் எனக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்த ஓல்டானைத்தான் சொல்லுவேன். நாமெல்லாம் வேறு வழியில்லாமல் ஏறுகிறவர்கள்.

கென்யாவிலிருந்து தாம்பரத்துக்குச் சமூகவியல் எம்.ஏ. படிக்க வந்த பையன். நடுவில் கொஞ்ச காலம் ஜப்பானிலும் படித்திருந்தான். பாஸ்போர்ட்டில் அவனுக்கு அருமையான பெயர் ஒன்று இருந்தது. எங்கள் கேம்ப் ரோடு வட்டாரம் அதைச் சட்டை செய்யவில்லை. பஸ்ஸை நிறுத்தக் கண்டக்டர் போடும் 'ஓல்டான்' சத்தத்தை அவரைவிடப் பலமாகப் போட்டதால் ஓல்டான்.

தமிழை அவன் கண்டக்டர்களிடம்தான் கற்றான். அதனால் அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் ஆட்களை நகர்த்தும் தமிழ். குடிவந்த ஒரு மாதத்திலேயே, வீட்டுக்கார மெர்சி டீச்சர் அவருடைய சொந்த மாடிப்படியில் நிற்பதைப் பார்த்து, "படில நிக்காதம்மா, உள்ள போ!" என்று அதட்டினான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தையே அதட்டிய டீச்சர், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் வழக்கம்போலப் பின்வரிசையில் நெருக்கியடிக்க, "முன்னாடி காலியா கீது, முன்னாடி போ!" என்று ஒரு குரல். சபையே எழுந்து முன்னால் போனது. பாஸ்டர் பல வருஷமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

"சார், நைரோபில பஸ்ஸே பாடும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெயிண்டு, ஒரு பாட்டு. ஜப்பான்ல பஸ் லேட்டானா டிரைவரு சாரி கேப்பாரு. நான் ஒரு தபா தும்மிட்டேன், நானும் சாரி கேட்டேன்."

"நம்ம ஊர்ல?"

"இங்கதான் சார் மடி கீது."

பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார் இல்லையா, அதைத்தான் சொன்னான். முதல் நாள் முன்பின் தெரியாத ஒரு அம்மா "பைய குட்றா தம்பி" என்று வாங்கிக்கொண்டதில் பையன் கிறங்கிப் போனான். அதன் பிறகு பஸ்ஸில் ஏறினால் சீட்டைத் தேடமாட்டான், மடியைத் தேடுவான். சீட்டு காலியாக இருந்தாலும் பையை யார் மடியிலாவது வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். தப்பித் தவறி உட்கார்ந்துவிட்டாலோ, நிற்கிறவர்கள் பையையெல்லாம் பிடுங்கி அடுக்கிக்கொள்வான். மலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் மட்டும் சந்தோஷமாகத் தெரியும். எனக்கு இதெல்லாம் ஆகாது. என் பையை நான் கட்டிய மனைவியிடம்கூடக் கொடுத்ததில்லை.

"என்னைக்காவது ஒரு நாள் மாட்டுவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அன்று அவனுக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. மூன்று நாட்டுப் பஸ் பயணிகள் எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் அவன் ஆராய்ச்சி. அன்று தவறவிட்டால் விசா தீர்வதற்குள் வேறு தேதி கிடையாது. பட்டமில்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான். இரண்டு வருஷ உழைப்பு முழுவதும் பைக்குள், லேப்டாப்பில். அந்தப் பை ஏறின கையோடு, "இன்னிக்கி பரிச்சை" என்ற விளம்பரத்தோடு ஒரு அம்மாவின் மடிக்குப் போய்விட்டது. கூட்டம் அவனையும், துணைக்குப் போன என்னையும் படிக்குத் தள்ளியது.

வழியில் ஒரு ஸ்டாப்பில் பத்துப் பேர் இறங்க வேண்டும். படியில் நிற்கிறவர்கள் கீழே இறங்கி வழிவிட்டால்தான் அவர்கள் இறங்கலாம். இறங்கினோம். கடைசி ஆளும் இறங்கியாயிற்று. ஓல்டான் பஸ்ஸின் வயிற்றில் ரெண்டு தட்டுத் தட்டி, பழக்க தோஷத்தில் முழங்கினான்:

"போலாம், ரைட்!"

டிரைவர் போய்விட்டார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "பென்டிரைவ்ல காப்பி வச்சிருக்கல்ல?"

"கீது சார். அதே பைலதான்."

"அறிவிருக்காடா உனக்கு?"

"டென்ஷன் ஆவாத சார். பை மடில கீது."

ஷேர் ஆட்டோவைப் பிடித்துத் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு விரட்டினோம். எங்கள் பஸ் காலியாக நின்றது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ரைட் குடுத்தது நீதானப்பா? அந்த அம்மா பையோட எறங்கிப் போயிடுச்சே!" என்றார். அப்போதுதான் ஓல்டானின் முகம் செத்தது. ஜப்பானிலும் நைரோபியிலும் விடாமல் கையில் பிடித்திருந்த பை. 'நான் அப்பவே சொன்னேன்' என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

ஓல்டான் மூச்சை இழுத்து, ஆன மட்டும் கத்தினான்.

"ஓல்டான்!"

ஸ்டாண்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்த பஸ்களெல்லாம் பிரேக் போட்டன. ஒரு பால் வண்டிகூட நின்றது. அந்த அமைதியில், ஓரத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாத்துக்கு இப்புடி கத்துற? இங்க வா!"

அந்த அம்மாதான். பை அதே மடியில், அதே மாதிரி, இரண்டு கையாலும் அணைத்தபடி.

"நீயே ரைட்டு குடுத்துட்டு நீயே கீய நின்னுக்குவியா? கண்டக்டராண்ட குடுத்தா அவரு பஸ்ஸ எட்த்துகினு பூடுவாரு. அதான் குந்திகினு கீறேன். வேலைக்கிப் போற ட்ரெயினும் பூட்ச்சு. மடில வாங்குனத கைலதான குடுக்கணும்?"

ஓல்டான் அந்த அம்மாவின் காலிலேயே விழுந்துவிட்டான். "எந்திரிடா, பரிச்சைக்கு ஓடு!" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

வைவாவில், தாம்பரம் பஸ் பயணிகளைப் பற்றி அவனுடைய முடிவென்ன என்று கேட்டார்களாம். எழுதிவைத்திருந்ததை மூடிவிட்டு அன்று காலையில் நடந்ததைச் சொன்னானாம். கேள்வி கேட்க வந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள் என்பது அவன் கூற்று. பத்தில் ஒரு பங்காவது நிஜமாக இருக்கும். முதல் வகுப்பு வாங்கியது முழு நிஜம். அடுத்த நாள் பஸ் முழுக்க லட்டு கொடுத்தான். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு டப்பா நிறைய. கண்டக்டர் விசிலையே கழற்றி நீட்டினார். "இந்தா, நீயே ஊது. மொதல்ல நீ உள்ள கீறியா பாத்துக்க!"

ஊருக்குப் புறப்பட்டபோது டாக்சி வேண்டாமென்று மின்சார ரயிலில்தான் வந்தான். சீட்டு அத்தனையும் காலி. அவன் நின்றுகொண்டு, பையை என் மடியில் வைத்தான். நானும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

விமான நிலைய வாசலில் பையை வாங்கி மாட்டிக்கொண்டு, "ரைட் குடு சார்" என்றான்.

வாயைத் திறந்தேன். எவ்வளவு முயன்றும் ஓல்டான் என்றுதான் வந்தது.