கவியரசனும் என் மிச்ச லீவும்

லீவு எடுப்பதில்லை என்பது ஆதிகேசவனாகிய என் கொள்கை. பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர் நான். நான் ஒரு நாள் போகாவிட்டால் கம்பெனியே நின்றுவிடும் என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உண்மையான காரணம் எங்கள் வீட்டு வாசல் சுவர். அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதையும் நான்தான் அடிக்க வேண்டும் என்று என் மனைவி பாமா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆள் வைக்கலாமே என்றால், போன தடவை பாதிச் சுவரோடு ஓடிப்போன ஆளை ஞாபகப்படுத்துவாள். "கம்பெனியில லீவு தர மாட்டேங்குறாங்க" என்று நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். லீவைப் பற்றி ஆபீஸிலிருந்து வரும் மெயில்களைப் படிக்காமலே அழித்துவிடுவேன்.

அப்படி நிம்மதியாக இருந்த வீட்டில்தான் கவியரசன் என்று ஒருவன் முளைத்தான்.

அன்று நான் வீடு திரும்பும்போது பாமா போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகிறது. "உங்கள மாதிரி அக்கறையா யாரு கேக்குறாங்க, கவியரசன் சார்?" என்றாள். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள். யாரென்று கேட்டேன். தெரிந்தவர் என்றாள். மறுநாளும் அதே சிரிப்பு. அதற்கடுத்த நாள் தலையில் மல்லிகைப்பூ வேறு. பார்த்தேயிராத அவனுக்கு நானே சுருட்டை முடியும் தொப்பையில்லாத வயிறும் கொடுத்து, அந்த வயிற்றை நினைத்து வயிறெரிந்தேன்.

வியாழக்கிழமை பாமா போனில் சொன்னது காதில் விழுந்தது.

"திங்கக்கிழமை காலையில சரியா இருக்கும் சார். அவரு ஆபீஸ் போயிடுவாரு."

உடனே லீவு கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு நாள்தான் கேட்டேன். ஒரு வாரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சந்தோஷமாகக் கொடுத்தார்கள். வேறு சமயமாக இருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். பொறாமை யோசிக்க விடவில்லை.

திங்கட்கிழமை டிபன் பாக்ஸோடு கிளம்பி, மெட்ரோ ஸ்டேஷன் வரை நடந்து, பின்சந்து வழியாக எதிர்வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன். அங்கே குடியிருக்கும் நோரா ஆன்ட்டி ஏன் வந்தாய் என்று கூடக் கேட்கவில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டிருந்தது. காபியும் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. ஒருவன் இறங்கினான். சுருட்டை முடிதான். பாமா சிரித்துக்கொண்டே அவனை உள்ளே கூட்டிப் போனாள். நான் மாடிப்படியை மிதித்தேனா, பறந்தேனா தெரியாது.

"கவியரசா, வெளிய வாடா."

அவன் கையிலிருந்த பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தான். "நான் முனிகிருஷ்ணன் சார், பெயிண்ட் கடை" என்று சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான்.

பாமா ஒரு புது பிரஷ்ஷின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கவியரசன் உங்க கம்பெனிக்கு வந்திருக்கிற புது எச்.ஆர்.ங்க. லீவு சேர்ந்து கெடந்தா, எடுத்துக்கச் சொல்றது கம்பெனியோட பொறுப்பாம். மெயில் போட்டுப் போட்டுப் பாத்துட்டு வீட்டுக்கே போன் பண்ணிட்டாரு. லீவே தர மாட்டாங்கன்னு சொன்னீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"கட்டாய லீவுல அனுப்பட்டுமான்னு கேட்டாரு. வேணாம் சார், அவரே வந்து கேட்டு வாங்கிப்பாருன்னேன்."

"அந்தச் சிரிப்பு?"

"நீங்க லீவு கேக்கத்தான். திங்கக்கிழமைன்னு பேசினதும் அதுக்குத்தான், பூ வெச்சதும் அதுக்குத்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அவமானமும் வந்தது. பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன். எதிர் ஜன்னல் திறந்தது.

"நிதானமா அடி, ஆதி" என்றார் நோரா ஆன்ட்டி. "உன் லீவுல பாதி என் வீட்டுச் சுவருக்குன்னு பாமா அப்பவே சொல்லிடுச்சு."