ஹவ்கியின் வயிறும் உர்போவின் புட்டியும்

குற்றவாளி பிடிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. காவல்துறையில் தேடாதீர்கள், அங்கே இருப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு, விடுமுறை உண்டு, எப்போதாவது சந்தேகமும் வருவதுண்டு. நான் சொல்லும் இனத்துக்கு இவை ஒன்றும் கிடையாது. பால் திரிந்துவிட்டதா, பனி உருகத் தாமதமாகிறதா, பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறதா, கேட்ட மாத்திரத்தில் விரலை நீட்டிவிடுவார். அந்த விரல் எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் நீளும். அது உள்பக்கம் திரும்பியதை அவரைப் பெற்ற தாய்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் ஆற்றங்கரையில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி உர்போ. ஆறு என்றால் பின்லாந்தின் வடக்கே ஓடும் ஆறு. அக்கரையில் ஸ்வீடன், இக்கரையில் நாங்கள், நடுவில் சால்மன். அதாவது, நடுவில் சால்மன் இருந்தது. கொஞ்ச காலமாகக் கோடைதோறும் மீன் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பிடிக்கவே கூடாது என்று தடையும் வந்து, நீளக் கம்பு வலைகள் கொட்டகைச் சுவரில் தொங்கித் தூசி படிந்துவிட்டன. ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கடையில் வாங்கிய மீனைத் தின்பது எவ்வளவு கேவலம் என்று எங்களைத்தான் கேட்கவேண்டும். வயிறு எரிந்தது. எரிகிற வயிறு ஒரு குற்றவாளியைக் கேட்காதா? உர்போ கொடுத்தார்.

முதலில் கடலில் மீன் தின்று திரியும் சீல் விலங்குகள். பிறகு அக்கரைக்காரர்கள், அவர்கள் எதற்கும் தோதானவர்கள். பிறகு ஹெல்சின்கியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆற்றை வரைபடத்தில் மட்டும் பார்க்கிறவர்கள். பிறகு மீனைக் கொத்தித் தின்னும் வாத்துகள். இப்படி ஒவ்வொருவராக விசாரித்துத் தண்டித்து முடித்த பிறகு, கடைசியாகத் தண்ணீருக்குள்ளேயே குனிந்து பார்த்து உண்மையான கொலைகாரனைக் கண்டுபிடித்தார். ஹவ்கி!

ஹவ்கி என்பது நாணலுக்குள் கட்டைபோல அசையாமல் கிடந்து, எதிரே வருவதை வாய் நிறையப் பல்லோடு வந்து கவ்வும் மீன். வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து போன கையோடு, விரல் நீளமே இருக்கும் சால்மன் குஞ்சுகள் வெள்ளி உடுத்திக்கொண்டு கடலை நோக்கி இறங்கும். வழியில் ஹவ்கி காத்திருக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த இனத்தார் முழுப் பொய் சொல்வதே இல்லை. அதுதான் அவர்களிடம் உள்ள தொல்லை.

சாட்சியும் வைத்திருந்தார். எப்போதோ ஒரு ஹவ்கியின் வயிற்றிலிருந்து எடுத்த சால்மன் குஞ்சுகளை வினிகரில் போட்டு ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் அடைத்து, கோட்டுப் பையிலேயே கொண்டு திரிந்தார். கூட்டத்தில் புட்டி வரும். ஞானஸ்நான விருந்தில் கேக்குக்குப் பக்கத்தில் புட்டி வரும். ஒரு சாவு வீட்டில், பாதிரியார் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்ததும் புட்டி வந்தது. "நான் யாரையும் குறை சொல்லல" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் ஊரில் விவரமானவர்கள் கழிப்பறைக்கு எழுந்து போய்விடுவார்கள்.

அந்த ஹவ்கியை எங்கே பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால், "ஆத்துலதான், பின்ன மரத்துலயா?" என்பார். அதற்கு மேல் யார் கேட்பது?

சரி, ஹவ்கியைப் பிடித்தாயிற்று. ஹவ்கிக்கு இடம் கொடுத்தவர் யார்? விரல் மறுபடி நீண்டது. இந்தத் தடவை ஹெல்வியின் பக்கம்.

ஹெல்வி தனியாக இருப்பவள். அவள் வீட்டுக்குக் கீழே ஆறு ஒதுங்கி நிற்கும் ஒரு நாணல் மடு உண்டு. அதில் வலை போட்டுக் கிடைக்கிற மீனைப் புகைபோட்டு வைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்டுகிறாள். அந்த மடுதான் ஹவ்கிகளின் தொட்டில், அதைச் சரளைக் கல் கொட்டி மூடிவிட்டால் சால்மன் திரும்பிவிடும் என்று உர்போ மீனவர் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்.

எங்கள் ஊரில் ஒருவரை மறுப்பது என்றால் காபிக் கோப்பையை உற்றுப் பார்ப்பது. ஆமோதிப்பது என்றாலும் காபிக் கோப்பையை உற்றுப் பார்ப்பதுதான். இந்தக் கோளாறினால் எங்களிடம் நிறைவேறாத தீர்மானமே கிடையாது. அன்றும் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள், ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தார்கள், ஹெல்வியின் மடு போயிற்று. மண்வெட்டி இயந்திரம் வைத்திருக்கும் ரெய்யோ மறுநாளே அதை ஓட்டிவந்து கரையில் நிறுத்தினான்.

கூட்டம் கலையும் முன் ஹெல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்.

"ஹவ்கிப் போட்டி வருதில்ல, அது முடியட்டும் உர்போ. வயித்தைக் கிழிச்சுப் பாப்போம். என் மடு மீன் வயித்துல குஞ்சு இருந்தா, நானே முதல் கல்லைப் போடறேன்."

உர்போவுக்குக் கரும்பு தின்னக் கூலியா? சம்மதித்தார்.

குஞ்சுகள் இறங்கும் வாரத்தில் நடக்கும் அந்தப் போட்டியில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பிடித்த ஹவ்கியைக் கரையிலுள்ள நீள மேஜையில், பிடித்த இடத்தின் பெயர் எழுதிய பலகைக்கு எதிரே போடவேண்டும். எல்லோர் முன்னிலையிலும் வயிற்றைக் கிழித்துக் காட்டிய பிறகுதான் மீன் சூப்புப் பானைக்குப் போகும். கிழிப்பது உர்போவின் தனியுரிமை. சூப்பு வைப்பது அவர் மனைவி சைமியின் தலையெழுத்து.

அன்று உர்போ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கத்தியைத் தீட்டினார். ஹெல்வியின் மடுப் பலகைக்கு எதிரே கிடந்த முதல் ஹவ்கியைக் கிழித்தார். இரண்டு வரிமீன். அடுத்ததில் ஒரு தவளை. அதற்கடுத்ததில், நம்பினால் நம்புங்கள், ஒரு வயல் எலி. குஞ்சு மட்டும் இல்லை. இந்த இனத்தார் இதற்கெல்லாம் அசருவார்களா? தவளை தின்றது குஞ்சு தின்ற வாயைக் கொப்பளிக்க என்றார். காலி வயிறு கிடைத்தபோது முகம் இன்னும் மலர்ந்தது. இவ்வளவு சீக்கிரம் செரித்திருக்கிறது என்றால் எவ்வளவு குஞ்சு தின்று பழகிய வயிறாக இருக்கவேண்டும் என்று விளக்கினார். ஹெல்வி ஒவ்வொரு வயிறு திறக்கும்போதும் கழுத்துத் துணியின் முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிய ஆற்றில் பிடித்த மீன்களும் அப்படித்தான், வெள்ளைமீனும் காற்றும்.

மேஜையின் கோடியில், பலகைக்குப் பதில் ஒரு உருளைக்கிழங்குப் பெட்டி நின்றது. அதற்கு எதிரே இரண்டு பருத்த ஹவ்கிகள். உர்போ பெட்டியைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தார். கத்தி இறங்கியது.

வெள்ளி கொட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாக, சில இன்னும் செதில்கூடக் கலையாமல், சால்மன் குஞ்சுகள் மேஜையில் வழுக்கி விழுந்தன. கூட்டம் மேஜையை நெருங்கியது. கடலையே பார்க்காமல் போன குஞ்சுகளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றியவர்களும் உண்டு. இரண்டாவது ஹவ்கியும் அப்படியே.

உர்போவின் குரல் அக்கரைவரை கேட்டிருக்கும்.

"பாத்தீங்களா? இதைத்தானே தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்! ரெய்யோ, மிஷினைக் கிளப்பு. எவன் எடமா இருந்தாலும் சரி, இன்னிக்கே ஒழிச்சுக் கட்டணும். பச்சாதாபமே கூடாது."

ரெய்யோ அதிகம் பேசாதவன். இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகிவிட்டு, "எங்க?" என்றான்.

அப்போதுதான் உர்போ பெட்டியைப் பார்த்தார். அடுப்புக்கரியால் எழுதியிருந்தது, சைமியின் கையெழுத்தில்: எங்க படகுத்துறை.

சைமி பானையைக் கிளறிக்கொண்டே, கிழங்கை வேகப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பானேன் என்று வீட்டுத் துறையிலேயே தூண்டில் போட்டதாகவும், போட்டவுடன் மாட்டியதாகவும், அந்த இடத்துக்குப் பலகை இல்லாததால் பெட்டியில் எழுதியதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு உப்பு பார்த்தாள். பிறகு நினைவு வந்தவளாக,

"அந்தப் புட்டியில இருக்கிறதும் அங்க பிடிச்சதுதானே, உர்போ? சுவர் கட்டின வருஷம். நான்தானே வினிகர் ஊத்திக் கொடுத்தேன்" என்றாள்.

உர்போ பெட்டியை இன்னொரு தடவை படித்தார்.

சுவர் என்றால், அவருடைய படகை அலை தட்டாமலிருக்க ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவர். அதற்குப் பின்னால் நீர் தேங்கியது, பாசி வந்தது, பாசிக்கு ஹவ்கி வந்தது. நீரோட்டத்தோடு இறங்கும் குஞ்சுகள் சுவரின் முனையில் சுழன்று உள்ளே வந்து, வெளியே போக வழி தெரியாமல் திரிந்தன. இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அந்தச் சுவரில்தான் மாலைதோறும் காபிக் கோப்பையோடு உட்காருவார் உர்போ. காலடியில் நீர் துள்ளித் துள்ளித் தெறிக்கும். ஆறு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று அதைப் பார்த்து ஒரு சந்தோஷம் வரும் அவருக்கு. அது ஹவ்கி குஞ்சுகளைக் கவ்வும் துள்ளல் என்று இப்போது புரிந்தது. கத்தி கையிலிருக்க, வெள்ளைச் சட்டையில் செதில் ஒட்டியிருக்க, நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கியது. விரல் ஒரு கணம் உள்பக்கம் மடங்கப் பார்த்தது என்றே சொல்லலாம்.

ஒரே ஒரு கணம்தான்.

"இந்தச் சுவரைக் கட்டினது யாரு?" என்று கேட்டு ரெய்யோவின் பக்கம் திரும்பினார்.

"நான்தான்" என்றான் ரெய்யோ. "கட்டச் சொன்னது நீ. வேண்டாம்னு சொன்னது சைமி."

வேறு யாராவது ஏதாவது சொல்வார்களா என்று உர்போ சுற்றிலும் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காபிக் கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியாதா? தீர்மானம் நிறைவேறியது. ஹெல்வி முறுக்கியிருந்த துணி முனையை விட்டாள். அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைமிக்குப் பக்கத்தில் போய்ச் சூப்பைக் கிளறும் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

ரெய்யோ இயந்திரத்தை ஹெல்வியின் மடுவைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனான். முதல் கல் பெயர்ந்து வரும்போது உர்போ ஒதுங்கி நின்றார். இரண்டாவது கல்லுக்கு, இடது பக்கம் பார்த்து எடு என்றார். சுவர் பாதி கரைந்தபோது கையை ஆட்டி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். சூப்பு பரிமாறும்போது, இந்தச் சுவர்மேல் தனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண் இருந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் பழையபடி நன்றாக இருக்கிறார். கோட்டின் ஒரு பையில் புட்டி, மறு பையில் அந்தச் சுவரிலிருந்து எடுத்த ஒரு கல். ஆற்றோரமாக மேல்பக்கத்து ஊர்கள் வரை நடந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்து, யார் யார் படகுத்துறைக்குச் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரித்து வருகிறார். நான் யாரையும் குறை சொல்லல என்றுதான் ஆரம்பிக்கிறாராம்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனதில் ஒரு முகம் வந்து போயிருக்குமே? மைத்துனரா, மேலதிகாரியா, எதிர்வீட்டுக்காரரா? அச்சு அசல் அவர்தான் என்று சிரித்துக்கொண்டு, இதை அவருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். போவதற்கு முன்னால், விரல் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.