அறுபத்துமூவரும் அத்திம்பேரும்

மயிலாப்பூர்,
1948

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் பஞ்சாபகேசன் அவர்களுக்குச் சுப்பராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். சூடாமணி அக்காவின் முழங்கால் வலி எப்படி, தங்கள் கோபம் எப்படி என்று தெரிவிக்கவும். தியாகராய நகருக்குக் கடிதம் எதற்கு, நேரில் வரக்கூடாதா என்பீர்கள். படித்து முடித்தால் காரணம் தெரியும்.

பாண்டி பஜாரில் ஒட்டிய தங்கள் கவுன்சிலர் தேர்தல் போஸ்டர்களை எதிராளி கிழித்துவிட்டான் என்று நாளைக்குப் போலீஸில் எழுதிக்கொடுக்கப் போகிறீர்களாமே? வேண்டாம் அத்திம்பேர். எவனும் கிழிக்கவில்லை. ரேஷன் மாவில் காய்ச்சின பசை, ஒரு தூறலுக்குத் தாங்கவில்லை, எல்லாம் வழுக்கிக் கீழே வந்துவிட்டது. மாடு தின்றது போக மிச்சத்தை என் பெண் நீரஜா பொறுக்கிண்டு வந்துட்டா. டிராயிங் டீச்சர், காகிதப் பஞ்சத்துல வேற எங்கே போவா?

தெருக் குப்பையெல்லாம் ஆத்துக்குள்ளே வரப்படாதுன்னு கத்தினேன். காதுலயே போட்டுக்கல்லை. கத்தரிக்கோலோட உக்காந்து, சர்க்கஸ் போஸ்டரைக் கோபுரமாக்கி, சோப்பு விளம்பரத்தைப் பல்லக்காக்கி, அறுபத்துமூவர் உற்சவத்தையே பலகையில ஒட்டிட்டா. நாயன்மாருக்கு முகம் வேணுமே, ஒரே அளவா, சாந்தமா? தங்களுடையதுதான் கட்டுக்கட்டா இருந்தது. அறுபத்துமூணு பேரும் அத்திம்பேர்! காரைக்காலம்மையார் முதலான மூணு பெண்களுக்கு மட்டும் மீசையை எடுத்துட்டா.

அதை டீச்சர்கள் சித்திரக் கண்காட்சியில வெச்சா, முதல் பரிசு! வந்தவாள்ளாம் கன்னத்துல போட்டுக்கறா. ஒரு பூக்காரி ஒரு முழம் மல்லியைச் சாத்திட்டு, "இன்னா நைனா, எல்லா சாமிக்கும் ஒரே மூஞ்சி கீது?"ன்னு கேட்டா. "மூஞ்சி எங்க அத்திம்பேரோடது, கைவேலை என் பொண்ணோடது"ன்னு ஹால் முழுக்கக் கேக்கறாப்பல சொன்னேன். பொய் சொல்லுவானேன், தங்களுக்கு ஓட்டு விழறதோ இல்லையோ, பூ விழுந்துடுத்து.

ஆகையால் அந்தப் புகாரை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்புக்கு வந்து தங்கள் கையாலேயே அவளுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். இனி தங்கள் போஸ்டர் ஒன்றைக்கூட அவள் தொடமாட்டாள். இது கபாலீசுவரர் சாட்சியாக நான் கொடுக்கும் வாக்கு. அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்ற பூரிப்பில்,
சுப்பராமன்

பி.கு.: நீரஜா அடுத்த படம் ஆரம்பித்துவிட்டாள். ராவணன். பத்துத் தலையும் ஒரே ஜாடையாக இருக்கணுமாம். வரும்போது ஒட்டாத போஸ்டராகப் பத்து கொண்டுவந்தால் தேவலை. மீசை கசங்காமல்.