விதானையாரின் முதுகும் இரண்டு டைரக்டர்களும்

உ

கண்டாவளை,
ஆனி மாதம், கச்சான் காற்று ஓயாத நாள்.

அன்புள்ள தம்பி பாலனுக்கு அக்கா சிவனேஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் அத்தானும் மாடுகளும் சுகம். வயலின் சுகத்தைப் பற்றித்தான் கடிதம் முழுவதும் வரப்போகிறது, ஆகவே அதை இங்கே விடுகிறேன். கொழும்பில் உன் இருமல் நின்றிருக்குமென்றும், பரந்தன் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தேன் உன் கந்தோர்ச் சிநேகிதர்களிடம் அகப்படாமல் உன் தொண்டைக்கே போயிருக்குமென்றும் நம்புகிறேன்.

நீ அனுப்பிவைத்த சினிமாக்காரர் வந்து சேர்ந்தார்கள். படம் எடுப்பவர் கனகலிங்கம் என்றும், அவருடைய படத்தில் ஒரே ஒரு காட்சியில் நடிப்பதற்காக வருகிற தில்லைநாதன் தானும் பெயர் பெற்ற டைரக்டர் என்றும் நீ எழுதியிருந்தாய். தில்லைநாதன் தன்னுடைய படப்பிடிப்பில் தும்மினால் மூக்குத் துடைக்க நாலு பக்கத்திலிருந்தும் லேஞ்சி நீளும், அவர் முறைத்தால் கதாநாயகி அழுதுவிடுவாள் என்றும் எழுதியிருந்தாய். ஒரே உறைக்குள் இரண்டு வாள் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அந்தப் பயத்தில், சந்தியில் இறங்கியவர்களில் உயரமானவரை, கறுப்புக் கண்ணாடி போட்டவரை, தில்லைநாதன் என்று எண்ணி நல்ல கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் படத்தில் ஊர்த்தலைவரான விதானையார் வேஷத்துக்கு வந்த வெறும் நடிகராம். உண்மையான டைரக்டர்கள் இரண்டு பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அதில் தில்லைநாதனை நான் சாமான் தூக்க வந்தவர் என்று நினைத்து, கிணற்றில் இரண்டு வாளி அள்ளித் தரச் சொல்ல, அவரும் அள்ளித் தந்துவிட்டார். இதை நீ அங்கே யாருக்கும் சொல்லாதே.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி வயல். கோடைச் சிறுபோகத் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். முறை வைப்பவர் வீரகத்தியர். சட்டம் மாறி விதானையார் பதவி எடுபட்டாலும் ஊர் அவரை அப்படித்தான் சொல்கிறது, மதகுப் பூட்டின் திறப்பும் அவரிடந்தான் இருக்கிறது. விதைப்புக் கூட்டத்தில் உன் அத்தான் பழைய கந்தோர்ப் பழக்கத்தில் ஒழுங்கு விதிகளை எடுத்து வாசிக்கப்போக, விதானையார் எல்லாருக்கும் முன்னால், "கந்தோரிலை பேனை பிடிச்ச கைக்குத் தண்ணி என்னத்துக்கு? மையை ஊத்தி விளையுங்கோவன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சில்லை. விதானையாரோ, வாய் திறந்தால்தான் வாய்க்கால் திறக்கும் என்கிற ஆள். பயிர் கதிர் தள்ளக் குடலை கட்டி நிற்கிறது, நிலம் வெடித்து விரல் போகிற அளவுக்குப் பிளந்துவிட்டது, இந்தக் கிழமை தண்ணீர் இல்லையென்றால் முழுவதும் பதர். நான் போய்க் கேட்கிறேன் என்றாலும் அத்தான் விடமாட்டார். கேட்டால்தான் கிடைக்குமென்றால் அது தண்ணீர் இல்லை, பிச்சை என்பார். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பார்க்கப் போவார், திரும்பி வருவார், ஒன்றும் சொல்லார்.

இந்த வீட்டுக்குத்தான், தம்பி, நீ தில்லைநாதனை அனுப்பினாய். அவருக்கு வேஷம் என்ன தெரியுமா? கடைசி வயல்காரன். விதானையாரிடம் போய்த் தண்ணீர் கேட்க வேண்டும். வந்த மறுநாள் குசினி வாசலில் குந்தியிருந்து, "தங்கச்சி, தண்ணி கேட்டுப் போற மனிசன் எப்பிடி நிப்பான்?" என்று கேட்டார். நான் அத்தானிடம் கேளுங்கள் என்று தப்பிக்கொண்டேன். அத்தான் வெற்றிலையை மடித்தபடியே, "நாங்கள் கேக்கிறேல்லை" என்றார். தில்லைநாதன் அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் அத்தானுக்குப் பின்னால் இவரும் வரம்பில் நடந்தார். இரண்டு பேரும் பேசாத ஆட்கள், நன்றாகப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பெரிய டைரக்டர் ஏன் இன்னொருவருடைய படத்தில் வந்து நிற்கிறார் என்று நான் அதிசயப்பட்டதற்கு, அத்தானுக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. அரிவு வெட்டுக்கு இன்றைக்கு நான் உன் வயலுக்கு வந்தால் நாளைக்கு நீ என் வயலுக்கு வருவதில்லையா, வந்த வயலில் அவன் காட்டின இடத்தில்தானே அரிவாளை வைக்க வேண்டும் என்றார். தில்லைநாதனுக்கு இந்த விளக்கம் பிடித்துப்போய், தான் இதுவரை நினைத்திருந்ததைவிட இது மரியாதையாக இருக்கிறது என்றார்.

படம் பிடிக்கிற நாளன்று, கட்டில் கொடுத்தேன் என்றேனே, அந்த நடிகருக்கு வயிற்றோட்டம். நான் வைத்த ஒடியல் கூழ் என்று ஊர் சொல்கிறது, அவர் இரண்டாந்தரமும் மூன்றாந்தரமும் வாங்கிக் குடித்ததை ஊர் சொல்வதில்லை. கனகலிங்கம் யோசித்தார். விதானையாரின் முகம் இந்தக் காட்சியில் தேவையில்லை, முதுகு காணும், அதுவே போதும். மதகுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தால் சரி. அங்கே மதகுக்குக் காவலாக நின்ற வீரகத்தியரே அதற்கு ஆள் ஆகிவிட்டார். அவரோ வீட்டுக்கு ஓடிப்போய்ச் சவரம் செய்து, சந்தனம் பூசி, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, முகம் தெரியாத வேலைக்கு இந்த வேட்டியை ஏன் கட்டினேன் என்று முறைப்பட்டார். அவருடைய மனுசி இலட்சுமியக்கா சனத்துக்குள் நின்றபடி, "முதுகெண்டாலும் ஊர் அறியும். தண்ணி கேட்டு வாறவைக்கு நீங்கள் காட்டுறது அதைத்தானே" என்றா. கமராக்காரர் சிரித்ததில் கமரா சரிந்து அதைச் சரிக்கட்டவே வெகு நேரமாகிவிட்டது.

தில்லைநாதன் வந்தார். வந்து விதானையாரின் காலடியில் விழுந்து, புரண்டு, மார்பில் அடித்துக் கதறினார். சனம் சிரித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கனகலிங்கம், உன் வயதிருக்கும், கிட்டப்போய் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அண்ணை, உங்கட படத்துக்கு இது சரி. என்ரை படத்துக்குக் கொஞ்சம் குறையுங்கோ." இனி வாள் உருவப்படும் என்று நினைத்தேன். தில்லைநாதன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு "ஓம்" என்றார். திரும்ப வந்தார். காணாது என்றார்கள். திரும்ப வந்தார். அதுவும் சரியில்லை. பாலன், எத்தனையோ வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துத் "திருப்பி எழுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள் நான். என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னால் அன்று வீட்டில் சோறு வெந்திராது. தும்மினால் லேஞ்சி நீளுகிற மனிதர் வெயிலில், சனத்துக்கு முன்னால், தன்னிலும் இளையவர் சொன்ன சொல்லுக்காக மறுபடி மறுபடி வரம்பின் அந்தக் கடைசித் தொங்கலுக்கு நடந்துபோய் நிற்பதைப் பார்க்க, கோயிலில் நிற்பது போல எனக்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது.

கடைசியாக அவர் நேரே எங்களிடம் வந்தார். அத்தானின் தோளிலிருந்த துவாயை எடுத்துக்கொண்டு போனார்.

இந்த முறை அவர் விதானையாரைப் பார்க்கவே இல்லை. காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வந்தார். துவாயை நாலாக மடித்தார். "வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தார். நாலடி போய் நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மடித்த துவாயை விரித்தார், மறுபடி மடித்தார். போகவுமில்லை, வரவுமில்லை. அவ்வளவுதான். சனம் இந்தத் தரம் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் உன் அத்தான் விடியற்காலையில் வாய்க்கால் பார்க்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அவர் விதானையாரின் வீட்டு வாசல் படலைவரை போய், கேட்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறார். கூட நடந்த மனிதர் அதைப் பார்த்திருக்கிறார், எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தானைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

முதுகாக மட்டும் இருக்க வேண்டிய விதானையார் கதிரையை விட்டு எழும்பினார். "காணும், கதிர்காமர்" என்றார். கதிர்காமநாதன் என்பது உன் அத்தானின் பெயர், நடிக்கிறவரின் பெயரும் இல்லை, வேஷத்தின் பெயரும் இல்லை. "காணும். நில்லும், திறக்கிறன்." மடியிலிருந்த திறப்பை எடுத்து மதகைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் வந்த வரத்தை என்னவென்று எழுதுவேன். கமராக்காரர் கமராவைத் தலையில் வைத்துக்கொண்டு வரம்பில் ஏறினார். வெளிச்சம் திருப்புகிற தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. கதிரை போனது. கனகலிங்கம் முழங்காலளவு தண்ணீரில் நிறுத்தச் சொல்ல மறந்து வாயைத் திறந்தபடி நின்றார். அவர் நிறுத்தச் சொல்லாதபடியால் தில்லைநாதனும் துவாயும் கையுமாக அப்படியே தண்ணீருக்குள் நின்றார்.

அத்தானைத் தேடிப் போனேன். எங்கள் வயல் வாய் வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது.

"நான் கேட்டனானோ, சிவனேஸ்?" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லை."

மண்வெட்டியை ஊன்றிவிட்டு, தில்லைநாதன் நின்ற பக்கம் கையைக் காட்டினார். "அந்தாளின்ரை வயலிலை எனக்கு ஒரு நாள் வேலை கிடக்கு" என்றார்.

ஆகவே, தம்பி, பயிர் தப்பியது; அத்தானின் மானமும் தப்பியது. அடுத்த நாள் விதானையார் எங்கள் வரம்பால் போகிறபோது பயிர் எப்படி என்று கேட்டார், அத்தானும் இரண்டு வசனம் பதில் சொன்னார். நனைந்த வயலைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்தக் குளிர்ச்சி உனக்கும் வரட்டும், உன் சம்பள உயர்வு வரட்டும், நல்ல இடத்தில் ஒரு சம்பந்தமும் வரட்டும். தில்லைநாதனைக் கண்டால், வாளி விஷயத்துக்கு அக்கா மன்னிப்புக் கேட்டா என்று சொல்.

என்றும் உன்னில் பட்சமுள்ள அக்கா,
சிவனேஸ்வரி

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல் கனகலிங்கம் வந்தார். விதானையார் எழும்பித் திரும்பியதில் அவருடைய முகம் படத்தில் விழுந்துவிட்டதாம், காட்சியை முழுக்கத் திருப்பி எடுக்க வேண்டுமாம், வாய்க்கால் காய்ந்திருக்க வேண்டுமாம். தில்லைநாதன் கொழும்புக்குப் போய்விட்டதால் அவருடைய வேஷத்தை அத்தானைப் போடச் சொல்ல, அவரும் ஓம் என்றுவிட்டார். மதகைப் பூட்டச் சொல்லி விதானையாரின் வீட்டுக்கு அத்தானே நேரில் போய், வாய் திறந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது அறைக்குள் பழகுகிறார். காலில் விழுந்து, புரண்டு, மார்பில் அடித்துக் கதறுகிறார். குறைக்கச் சொன்னால் கோபம் வருகிறது. தில்லைநாதனைக் கையோடு பஸ் ஏற்றி அனுப்பு. வெடிப்பு மறுபடி விழத் தொடங்கிவிட்டது.