அசேலியாவைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போனேன்

போன குற்றால சீசனில் ஒரு வாரம், மதினியின் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு வந்தது.

செடியின் பெயர் அசேலியா. முழங்கால் உயரம்கூட இல்லை. பட்டாளத்தில் இருக்கும் என் அண்ணன், கல்யாணமான புதிதில் ஊட்டியில் மதினிக்கு வாங்கிக் கொடுத்தது. அது எங்கள் வீட்டில் முதல்முறையாக மொட்டு விட்ட நேரம் பார்த்து, மதினி சிவகிரியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

"தம்பி, மொத பூவ ஒங்க அண்ணனுக்கு வீடியோ கால்ல காட்டுதேன்னு சொல்லிருக்கேன். போர்த் தண்ணி மட்டும் ஊத்திராத. உப்பு ஆகாதாம். பூ, இலை எல்லாம் வெசமாம், ஆடு கோழிய அண்ட விடாத."

"யாரு சொன்னா மதினி?"

"நர்சரிக்காரர் ஒங்க அண்ணங்கிட்ட சொன்னாராம்."

ஆக, செடி வளர்க்கும் அறிவு எனக்கு வந்து சேர்ந்தது மூன்றாம் கையாக.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது பி.காம். ஆனாலும் காய்ச்சல் மாத்திரை முதல் மிக்ஸி ரிப்பேர் வரை என்னிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் நம்புவதில்லை.

மதினி போன மறுநாளே குழாயில் ஆற்றுத் தண்ணீர் நின்றுவிட்டது. எங்கோ பைப் உடைந்துவிட்டதாம். வீட்டில் இருந்தது போர்த் தண்ணீர் மட்டும். கடையில் கேன் தண்ணீர் வாங்கலாம், ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறார்களோ என்று பயம். பக்கத்தில் குற்றாலம் இருக்கும்போது என்ன கவலை? காலி கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அருவிக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"ஏலே, கேன வச்சிக்கிட்டு எங்கன போற?"

"தண்ணி பிடிக்க, சார்."

"குடிக்கவா?"

"செடிக்கு, சார். அதுக்குப் போர்த் தண்ணி ஆகாது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கேனெல்லாம் உள்ள விட முடியாது. வேணும்னா செடியக் கூட்டியாந்து குளிப்பாட்டிட்டுப் போ."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போலீஸ் சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் காலை செடியோடு போனேன்!

பஸ்ஸில் தொட்டி என் மடியில். "லக்கேஜா, கொழந்தையா?" என்றார் கண்டக்டர்.

அருவி வரிசையில், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்ற ஓர் அண்ணாச்சி கேட்டார்: "செடிக்கு எண்ணெ தேய்க்கலியா தம்பி?"

"தேய்க்கணுமா அண்ணாச்சி?" என்று நிஜமாகவே கேட்டுவிட்டேன்.

அதே போலீஸ்காரர் வந்தார். செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் சும்மா சொன்னேம்லே!"

விளக்கம் சொல்வதற்காகத் தொட்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன்.

ஒரு குரங்கு இறங்கியது. ஒரு மொட்டைக் கிள்ளி, மோந்து பார்த்து, கடித்து, துப்பியது. அடுத்ததை, அதற்கடுத்ததை என்று ஒவ்வொன்றாகக் கிள்ளித் துப்பியது. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே!

"ஐயோ, வெசம்! துப்பு, துப்பு!" என்று கத்தினேன்.

"அதான் துப்புதுல்லா" என்றார் எண்ணெய் அண்ணாச்சி.

புத்தி உள்ளவன் செடியைத் தூக்கியிருப்பான். நான் குரங்கு செத்துவிடுமோ என்று பயந்து அதன் பின்னால் ஓடினேன். அது ஒரு கடைக் கூரையில் உட்கார்ந்து யாருடைய பஜ்ஜியையோ தின்றுகொண்டிருந்தது.

"கவலப்படாதீரும்" என்றார் கடைக்காரர். "நம்மள விட அது நல்லாருக்கும்."

திரும்பி வந்தால், அடி இலைகளுக்குள் ஒரே ஒரு மொட்டு மிச்சம். போலீஸ்காரர் பாவப்பட்டு ஒரு பாட்டில் அருவித் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

மதினி வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். மொட்டைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"கொரங்குக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல மதினி."

"நீயாச்சும் குளிச்சியா?"

"இல்ல மதினி."

அந்த ஒற்றை மொட்டு விரிந்த அன்று, போனைப் பூவுக்கு ஒட்டினாற்போல் பிடித்தாள்.

"செடி பூராவும் பூத்திருக்கா?" என்றான் அண்ணன்.

"கேமராவுல இம்புட்டுத்தான் தெரியும்" என்றாள் மதினி.

பிறகு தோட்டக்கலை படித்த நண்பனிடம் விசாரித்தேன். அசேலியாவுக்கு மழைத் தண்ணீர்தான் ரொம்ப நல்லதாம்.

செடியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன அன்று, தென்காசி பஸ் ஸ்டாண்டில் நல்ல சாரல் மழை. நான் நனைந்துகொண்டு, செடிக்குக் குடை பிடித்திருந்தேன்.